குளிசை உண்பவரைக் கேட்டார்களா?

"சுகம் எப்படி?" என்று வைத்தியர் கேட்கிறார். "பரவாயில்லை, ஐயா" என்று நோயாளர் விடையிறுக்கிறார். நம் நாட்டு வைத்தியசாலைகளில் நாள்தோறும் எண்ணற்ற முறை நிகழும் உரையாடல் இது. இதனினும் சுருங்கிய நோய்க்குறிப்பு வேறெந்த மொழியிலாவது உண்டோ என்பது ஐயமே. "பரவாயில்லை" என்னும் அந்த ஒரு சொல்லுக்குள்ளே, இரவு முழுவதும் வராத உறக்கமும், தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது நடுங்கும் கையும், கண்ணாடியிற் பார்க்க மனங்கொள்ளாத முகமும் ஒளிந்து கிடக்கலாம். உண்மையாகவே ஒரு குறையும் இல்லாதிருக்கவுங் கூடும். இரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு? குருதியிலுள்ள சர்க்கரையை அளக்கக் கருவி உண்டு. நாடியின் அழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு. மருந்து உண்பவர் அம்மருந்தினாற் படும் பாட்டை அளக்க ஏதேனுங் கருவி உண்டா?

உண்டு. அதனை ஆக்குவதற்கும் திருத்துவதற்கும் அறிஞர் பலர் நாற்பது ஆண்டுகளாக உழைத்து வருகின்றனர். பித்தளையாலும் கண்ணாடியாலும் ஆன கருவியன்று அது, வினாக்களாலான கருவி. அதனைப் பற்றியே இவ்வாரம் எழுத எண்ணினோம். மருந்தை நெடுங்காலம் உண்போர் பலவகையினர் ஆயினும், நாம் இங்கு எடுத்துக்கொள்வது பிறர் உறுப்பைப் பெற்று வாழ்வோரையே. ஏனெனில், மற்றவர்களுக்கு மருந்து நோயைத் தணிப்பது. இவர்களுக்கோ, மருந்து நின்றால் பெற்ற உறுப்பே நிலையாது.

கதையின் தொடக்கத்தைச் சிறிது சொல்லுதல் வேண்டும். 1954ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 23ஆந் திகதி, அமெரிக்காவிலுள்ள பொஸ்டன் நகரில், ஜோசப் மரே என்னும் சத்திர வைத்தியர் றொனால்ட் ஹெரிக் என்பவரின் சிறுநீரகம் ஒன்றை எடுத்து அவருடைய சகோதரர் றிச்சட்டுக்குப் பொருத்தினார். நெடுங்காலப் பயன் தந்த முதலாவது சிறுநீரக மாற்றம் அதுவே. றிச்சட் எட்டாண்டுகள் உயிர்வாழ்ந்தார், இல்லறம் நடத்தினார், பிள்ளைகளையும் பெற்றார். மரே அவர்களுக்கு 1990இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் இவ்வெற்றியில் ஓர் இரகசியம் உண்டு. றொனால்ட்டும் றிச்சட்டும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். ஆகவே றிச்சட்டின் உடல், வந்த சிறுநீரகத்தை அந்நியமென்று கருதவில்லை. மருந்தின் தேவையும் எழவில்லை.

எல்லோருக்கும் இரட்டைச் சகோதரர் வாய்ப்பாரா? தாயின் சிறுநீரகமேயாயினும் மகனுடைய உடல் அதனைப் பகையென்றே எண்ணும். கிருமிகளை எதிர்க்கும் அதே வெண்குருதிக் கலங்கள், உயிர்காக்க வந்த உறுப்பையும் தாக்கி அழிக்கத் தலைப்படும். தாயன்பை அறியும் அறிவு நிணநீருக்கு இல்லை. இந்தப் பகையை அடக்கும் மருந்துகளைத் தேடியதே அடுத்த அரைநூற்றாண்டின் வரலாறு. கேட்ரூட் எலியன் அம்மையாரும் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸும் ஆக்கிய அஸதையோபிரின் 1960களின் தொடக்கத்தில் வந்தது; அதனோடு ஸ்டீரொயிட் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுத்தனர். 1969இல் நோர்வே நாட்டு மேட்டுநிலம் ஒன்றிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட மண்ணில் இருந்த ஒரு பூஞ்சணம் சைக்கிளோஸ்போரினைத் தந்தது. கேம்பிரிட்ஜில் றோய் கான் என்பவர் 1978இல் அதனை நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார். 1984இல் யப்பானிலுள்ள சுக்குபா மலையடிவாரத்து மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து டக்ரோலிமஸ் கண்டெடுக்கப்பட்டது. ஈஸ்டர் தீவு மண்ணும் ஒரு மருந்தைத் தந்திருக்கிறது. காலடி மண்ணை எவரும் இகழ்தல் ஆகாது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ?

இம்மருந்துகளின் பயனால், சிறுநீரகம் பொருத்தப்பட்ட நூற்றுவரில் தொண்ணூற்றுவருக்கு மேல் முதலாண்டு முடிவில் அச்சிறுநீரகத்துடன் நலமாயிருக்கும் நிலை பல நாடுகளில் ஏற்பட்டுள்ளது. இலங்கையிலும் 1985ஆம் ஆண்டு முதல் இச்சத்திரசிகிச்சை நடைபெற்று வருகிறது. உயிருள்ள ஒருவர் வழங்கும் சிறுநீரகம் சராசரியாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைக்கும் என்பர். அத்தனை ஆண்டுகளும் மருந்து உண்ணவேண்டும் என்பதே இங்கு நாம் கவனிக்கவேண்டியது. காலை எட்டு மணிக்கு ஒரு முறை. இரவு எட்டு மணிக்கு ஒரு முறை. கலியாண வீடாயினும், செத்த வீடாயினும், கோயில் திருவிழாவாயினும், நெடுந்தூரப் பேருந்துப் பயணமாயினும் அந்த எட்டு மணி தவறலாகாது. குருதியில் மருந்து சற்றுக் குறைந்தால் உடல் உறுப்பைத் தாக்கும். சற்றுக் கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். குருதி பரிசோதிக்கும் நாளில் மட்டும் காலைக் குளிசையை விழுங்காமற் சென்று, குருதி கொடுத்த பின்னரே உண்ணல் வேண்டும். இல்லையேல் அளவு பிழைபடும். கிறேப்புறூட், பம்பளிமாசு போன்ற பழங்களையும் தவிர்க்குமாறு சொல்வர். அவை குருதியில் மருந்தின் அளவை ஏற்றிவிடும்.

இனி, மருந்தின் மறுபக்கத்தைக் காண்போம். டக்ரோலிமஸ் உண்போரிற் பலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு மயிர் உதிரும், தலையிடி வரும், முன்னர் இல்லாத நீரிழிவும் புகும். சைக்கிளோஸ்போரின் இதற்கு நேர்மாறான ஒரு வேடிக்கை செய்யும்: முகத்திலும் கையிலும் மயிரை அடர்த்தியாக வளர்க்கும்; பல்லின் முரசையும் வீங்கச் செய்யும். மைக்கோபினோலேட் வயிற்றோட்டத்தைத் தரும். ஸ்டீரொயிட் மருந்து முகத்தை முழுநிலாப்போல் வட்டமாக்கும், பசியைத் தூண்டும், உறக்கத்தைக் கெடுக்கும், எலும்பை மெலிவிக்கும், சாந்தமானவரையும் சிடுசிடுப்பாக்கும். எல்லோருக்கும் எல்லாம் வருவதில்லை. ஆயினும் ஒன்றுமே வராதவர் அரியர்.

வைத்தியர்கள் இவற்றை அறியாதவர்களல்லர். ஆனால் அவர்கள் கணக்கெடுத்தவை வேறு. உறுப்பு எத்தனை ஆண்டு உழைத்தது, எத்தனை பேர் இறந்தனர், எத்தனை பேருக்குப் புற்றுநோய் வந்தது என்பனவே ஆராய்ச்சி ஏடுகளை நிரப்பின. அவை முக்கியமான கணக்குகள்தாம்; அவற்றைக் குறை கூறுவோர் அறிவிலிகள். ஆயினும் கை நடுங்குவதால் கையெழுத்து மாறிப்போன ஒரு கணக்கர், அதனால் வங்கியில் படும் அவமானம் எந்த ஏட்டில் ஏறிற்று? முரசு வீங்கியதால் சிரிப்பதையே விட்டுவிட்ட ஒருத்தியை எந்தப் பரிசோதனைக்கூடம் கண்டது?

இக்குறையை முதலில் உணர்ந்தோரில் தாதியர் முன்னின்றனர் என்பது எமக்கு வியப்பைத் தரவில்லை. படுக்கையருகே நிற்பவர்கள் அவர்களல்லவா? 1980களில், இதயம் மாற்றப்பட்டோரிடம் ஒவ்வொரு துன்பமும் எத்தனை முறை வருகிறது, வந்தால் எவ்வளவு வருத்துகிறது என்று தனித்தனியே கேட்கும் வினாக்கொத்து ஒன்று அமெரிக்காவில் ஆக்கப்பட்டது. அதனை அடியொற்றிப் பின்னர் பெல்ஜியம், சுவிற்சலாந்து ஆகிய நாடுகளில் ஆராய்ந்தவர்கள் புதிய மருந்துகளுக்கேற்பத் திருத்தியும் விரித்தும் 59 துன்பங்களைக் கொண்ட ஒரு பட்டியலாக்கினர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகள். "இது உமக்கு எத்தனை தரம் வருகிறது?" என்பது முதலாவது, ஒருபோதும் இல்லை என்றால் 0, எப்பொழுதும் என்றால் 4. "வரும்போது எவ்வளவு வருத்துகிறது?" என்பது இரண்டாவது, சிறிதும் இல்லை என்றால் 0, மிகக் கொடிது என்றால் 4.

இரண்டு கேள்விகளையும் பிரித்ததிலேதான் இதன் நுட்பம் அடங்கியிருக்கிறது. மாணவர்கள் இதனைக் கூர்ந்து நோக்குவாராக. கையில் மயிர் அடர்ந்து வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வயதான ஓர் ஆண்மகனுக்கு அது நாள்தோறும் உண்டு. ஆதலின் முதற்கேள்விக்கு 4. ஆனால் அவர் அதனைப் பொருட்படுத்துவதில்லை, இரண்டாவதற்கு 0. அதுவே பதினாறு வயதுப் பெண்ணொருத்திக்குச் சிறிதளவே வந்திருக்கிறது, முதலாவதற்கு 1. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகவே அவள் அஞ்சுகிறாள், இரண்டாவதற்கு 4. வைத்தியர் தம் கண்ணால் மட்டும் பார்த்து எழுதியிருந்தால் முன்னவரே அதிகம் பாதிக்கப்பட்டவர் என்று எழுதியிருப்பார். மருந்தினால் தோற்றத்தில் ஏற்படும் மாற்றங்கள் பெண்களைப் பெரிதும் வருத்துவதை இவ்வாறான ஆய்வுகளே வெளிப்படுத்தின. அது தெரிந்ததுதானே என்று நேயர் ஒருவர் சொல்லக்கூடும். வீட்டிலுள்ளோருக்குத் தெரியும்; மருந்தைத் தெரிந்து கொடுப்பவரின் மேசைக்கு அது எண்ணாக வந்த பின்னரே ஏறுகிறது. உலகியல்பு அது.

கை நடுக்கத்தைப் பற்றிய ஓர் ஆய்வை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். 2015இல் வெளியான இவ்வாய்வு அமெரிக்காவில் நடந்தது. டக்ரோலிமஸை நாளுக்கு இருமுறை உண்டு, அதனால் நடுக்கங் கண்ட சிறு தொகையினரை எடுத்தனர். அவர்களுக்கு அதே மருந்தை, வயிற்றில் மெல்ல மெல்லக் கரையுமாறு செய்த குளிசையாக, நாளுக்கு ஒரு முறை கொடுத்தனர். இருவேளைக் குளிசையை விழுங்கியதும் மருந்து குருதியில் சடுதியாக உச்சத்துக்கு ஏறி இறங்கும். அவ்வுச்சமே நடுக்கத்துக்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. மெல்லக் கரைந்தால் உச்சம் தாழும்.

நடுக்கத்தை எவ்வாறு அளந்தார்கள்? அதற்கென ஏற்கெனவே வழக்கிலிருந்த ஒரு முறையைக் கையாண்டனர். ஒரு வாக்கியம் எழுதுதல். நத்தையின் ஓடுபோன்ற சுருளை வரைதல். ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீர் வார்த்தல். இவ்வாறான சிறு செயல்களே சோதனை. அவற்றைப் படம்பிடித்து நரம்பு வைத்திய நிபுணருக்குக் காட்டினார்கள். எது பழைய மருந்தின்போது எடுத்தது, எது புதிய மருந்தின்போது எடுத்தது என்பது அந்நிபுணருக்கு மறைக்கப்பட்டிருந்தது. அதனோடு, நோயாளரையும் கேட்டார்கள்: உண்ணும்போது எப்படி? எழுதும்போது எப்படி? நாலுபேர் முன்னிலையில் எப்படி? ஏழு நாளிலேயே வேற்றுமை தெரிந்தது. நிபுணர் கண்டதும் குறைவு. நோயாளர் சொன்னதும் குறைவு.

மாற்றாமல் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டத்தினர் அவ்வாய்வில் இல்லை என்ற குற்றம் உண்டு. தொகையும் சிறிது. ஆகவே அதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. நாம் இதனை எடுத்துக்காட்டியது, முறையின் அழகுக்காக. கண்ணாற் கண்டவரின் சாட்சியும் உடலால் உணர்ந்தவரின் சாட்சியும் ஒருங்கே நிறுத்தப்பட்டன. இரண்டும் ஒத்துவரும்போது உறுதி பிறக்கிறது; ஒத்துவராதபோது ஆராய வேண்டிய புதுப்பொருள் கிடைக்கிறது.

துன்பங்களை எண்ணுவதால் என்ன பயன், மருந்து எப்படியும் உண்ணத்தானே வேண்டும் என்று வாதிப்போர் உளர். அவர்களுக்கு மறுமொழி இதுதான்: எல்லோரும் உண்பதில்லை. வைத்தியரிடம் "ஒழுங்காக உண்கிறேன்" என்று சொல்லிவிட்டு, வீட்டில் ஒரு வேளை விடுவோர், பாதியாக்குவோர், நல்ல நாள் பெருநாளில் மறப்போர் எல்லா நாட்டிலும் உளர். குருதிப் பரிசோதனைக்கு முந்திய சில நாட்கள் மட்டும் ஒழுங்காக உண்டு, பரிசோதனையையே ஏமாற்றுவோரும் உண்டு. இதனைக் கேட்டறியவும் பேஸல் சர்வகலாசாலையார் ஒரு வினாக்கொத்து ஆக்கியிருக்கின்றனர். கடந்த நான்கு வாரங்களில் ஒரு வேளையேனும் விட்டதுண்டா? அடுத்தடுத்துப் பல வேளைகள் விட்டதுண்டா? குறித்த நேரத்துக்கு இரண்டு மணிக்கு மேல் முந்தியோ பிந்தியோ உண்டதுண்டா? வைத்தியர் சொல்லாமல் அளவைக் குறைத்ததுண்டா? கேள்விகள் சிலவே. "ஒழுங்காக உண்கிறீரா?" என்று கேட்டால் "ஓம்" என்பதே விடை, "எத்தனை தரம் தவறியது?" என்று, தவறுதல் மனித இயல்பு என்ற தொனியில் கேட்டால் வாய் திறக்கும். விசாரணை வேறு, வினா வேறு.

வேறு சிலர், போத்தலின் மூடிக்குள் ஒரு மின்பொறியை வைத்தனர். மூடியைத் திறக்கும்போதெல்லாம் அது நாளையும் மணியையும் குறித்துக்கொள்ளும். பெல்ஜியத்தில் அவ்வாறு அளந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஒரு முறை டக்ரோலிமஸ் உண்டவர்கள், இருமுறை உண்டவர்களைவிட ஒழுங்காக உண்டமை தெரிந்தது. மூடி திறந்ததைத்தான் அப்பொறி அறியும். குளிசை தொண்டைக்குள் இறங்கியதை அறியாது. அக்குறையை ஆய்வாளரே ஒப்புக்கொள்வர்.

இளைஞர் விஷயம் மிகக் கவலைக்குரியது. அமெரிக்கக் கணக்குகளை ஆராய்ந்தோர், 17 முதல் 24 வயது வரையிலான பருவத்திலேயே பொருத்திய சிறுநீரகம் பழுதாகும் அபாயம் மிகுந்து காணப்படுவதைக் கண்டனர். சிறு குழந்தைக்குத் தாய் மருந்து ஊட்டுகிறாள். முதிர்ந்தவர் தாமே உண்கிறார். இடையில் உள்ளவனோ, தாயின் கையை விலக்கிவிட்டான்; தன் கை இன்னும் பழகவில்லை. விடுதியிலே நண்பர் நடுவில் குளிசைப் பெட்டியை எடுக்க நாணுகிறான். முகம் வட்டமானதைப் பிறர் நகைத்தால் யாரிடமும் சொல்லாமல் மருந்தைக் குறைத்துவிடுகிறான். முதல் சில நாட்களில் ஒன்றும் நேர்வதில்லை, அதுவே கேடு. நேராததைக் கண்டு துணிவு கொள்கிறான். உறுப்பின் பழுது வலியாய் வருவதில்லை. குருதியில் கிரியற்றினின் என்னும் கழிவுப்பொருள் ஏறிய பின்னரே புலப்படும். அப்பொழுது பெரும்பாலும் காலங் கடந்திருக்கும். தந்தையின் சிறுநீரகத்தைப் பெற்று, ஒரு வட்ட முகத்தின் பொருட்டு அதனை இழந்தான் என்றால், குற்றத்தை அவன் தலையில் மட்டும் சுமத்துதல் தகுமா? உன்னை எது வருத்துகிறது என்று வாய்விட்டு அவனை எவரும் கேட்டிருந்தால், அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வைத்தியருக்கு வழி இருந்திருக்கும்.

இத்தகைய வினாக்கொத்தை மேசையில் அமர்ந்து ஒரே மாலையில் எழுதிவிட முடியும் என்று எண்ணுவது பிழை. முதலில் நோயாளர் பலரை இருத்தி, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதிக்கொள்வர். அச்சொற்களிலிருந்து வினாக்கள் பிறக்கும். பின்பு வேறு சிலரிடம் அவ்வினாக்களைக் கொடுத்து, "இதைப் படித்ததும் என்ன விளங்கிற்று? உரக்கச் சிந்தியுங்கள்" என்பர். ஆக்கியவர் கருதியது ஒன்றும் படித்தவர் கொண்டது வேறொன்றும் ஆயின் அவ்வினா தள்ளப்படும். நிலைமை மாறாத ஒருவரிடம் இரண்டு வாரங் கழித்து மீண்டும் கேட்டால் ஏறக்குறைய அதே விடை வரவேண்டும். நிலைமை மாறியிருந்தால் விடையும் மாறவேண்டும். இழுத்தால் நீளும் அளவுகோல் கொண்டு சேலை விற்கும் கடைக்கு எவர் போவார்? அவ்வாறே இதுவும். எத்தனை நாட்களை நினைந்து சொல்வது என்பதும் ஒரு சிக்கல். ஓராண்டைக் கேட்டால் நினைவு பொய்க்கும். நேற்றை மட்டும் கேட்டால் எப்போதாவது வரும் துன்பம் அகப்படாது. ஆகவேதான் ஏழு நாள் என்றும் நான்கு வாரம் என்றும் வகுத்திருக்கின்றனர்.

வினாக்கொத்து கடல்கடந்து வரும்போது தொல்லை இரட்டிக்கும். ஆங்கிலத்திலிருந்து இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பர், இரண்டையும் ஒன்றாக்குவர், மூலத்தைக் காணாத வேறொருவர் அதனைத் திருப்பி ஆங்கிலமாக்குவர், பின் மூலத்தோடு ஒப்பிடுவர். தமிழுக்கு இது ஒரு முறை செய்தாற் போதுமா? போதாது என்பதே எம் கருத்து. தமிழகத்தார் தலைவலி என்பதை நாம் தலையிடி என்கிறோம்; அவர் மாத்திரை நமக்குக் குளிசை; அவர் வயிற்றுப்போக்கு நமக்கு வயிற்றோட்டம். இவையேனும் ஊகித்து உணரத்தக்கன. "உளைவு" என்று நம்மவர் சொல்லும்போது அது வலியா, களைப்பா, இரண்டுக்கும் இடைப்பட்டதா? "அலுப்பாய்க் கிடக்குது" என்று ஒரு மூதாட்டி சொன்னால் அது உடலின் சோர்வா, உயிர்வாழ்வதிலேயே வந்த சலிப்பா? மனச்சோர்வு என்ற சொல்லை அச்சிற் கண்டால் "எனக்கு அப்படி ஒன்றும் இல்லை" என்று கோடிடுபவர், "நெஞ்சு பாரமாய் இருக்கிறதா?" என்று கேட்டால் தலையசைப்பார். பெண்களின் மாதவிலக்கைப் பற்றியும், ஆண் பெண் உறவைப் பற்றியும் அப்பட்டியலில் வினாக்கள் உண்டு. மருமகன் வாசித்துச் சொல்ல மாமியார் விடையளிக்க வேண்டிய நிலையில் அவ்வினாக்களுக்கு என்ன விடை வரும் என்பதை நேயர்களே அறிவார்கள்!

இன்னுமொரு தடை இருக்கிறது. அது மொழிபெயர்ப்பால் நீங்குவதன்று. உறுப்பைப் பெற்றவர் தமக்குக் கிடைத்தது மறுபிறப்பு என்று உணர்கிறார். தந்தவர் தமையனாகவோ தாயாகவோ மனைவியாகவோ இருக்கலாம். அடுத்த அறையிலேயே இருக்கலாம். இந்நிலையில் "என் கை நடுங்குகிறது, என் உறக்கம் போயிற்று" என்று முறையிட்டால் அது நன்றிகெட்ட பேச்சாகுமோ என்று அவர் தயங்குகிறார். வைத்தியரையும் மனம் நோகச் செய்ய விரும்புகிறாரில்லை. இது கற்பனையன்று, மேனாடுகளில் நோயாளரை இருத்திக் கேட்டபோது மீண்டும் மீண்டும் வெளிவந்த உண்மை இது. நன்றியுணர்வு பெரியதுதான், ஆயினும் அது குளிசையின் குற்றத்தை மறைக்கும் திரையாகிவிடுகிறது. ஆளை முகம் நோக்காது தாளிலே கேட்பதில் உள்ள நன்மைகளுள் இதுவும் ஒன்று. தாளுக்கு முகமில்லை; அதனிடம் நாணமுமில்லை.

எண்களுக்குரிய எல்லையையும் மறைத்தல் கூடாது. 59 வினாக்களையும் இருமுறை நிரப்புவது களைத்த ஒருவருக்குச் சிறு வேலையன்று. மூட்டு நோவது மருந்தினாலா, அறுபது வயதினாலா என்பதை வினாக்கொத்து அறியாது. அதைப் பிரிப்பது வைத்தியரின் வேலையே. தவிரவும், விடையளிப்பவர்கள் சிகிச்சை நிலையத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டுமே. உறுப்பை இழந்து மீண்டும் இயந்திரத்தாற் குருதி சுத்திகரிப்போரும், வராமலே நின்றவர்களும், இறந்தவர்களும் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே கணக்கு காட்டும் துன்பம் உள்ள துன்பத்திற் குறைந்ததாகவும் இருக்கலாம். நிரப்பிய தாளை எவரும் படியாமல் கோவையிற் போட்டுவிட்டால், நிரப்பாதிருப்பதே மேல். அவ்வாறு நடக்கும் இடங்களும் இல்லாமலில்லை.

அரசாங்கங்களும் இதனைக் கவனிக்கத் தொடங்கின. அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி வழங்கும் திணைக்களம் 2009ஆம் ஆண்டு டிசெம்பரில் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. நோயாளரின் நிலைபற்றி, வேறெவரும் இடையில் நின்று விளக்காமல், நோயாளரிடமிருந்தே நேரே வரும் செய்தி எவ்வாறு அளக்கப்பட வேண்டும் என்பதை அது வரையறுத்தது. 2016 செப்ரெம்பரில் அதே திணைக்களம் மாற்றுறுப்புப் பெற்றோரை அழைத்து, மருந்தோடு வாழும் வாழ்க்கை எப்படி என்று நாள் முழுவதும் கேட்டது. அவுஸ்திரேலியாவின் சிட்னியை மையமாகக் கொண்ட மற்றொரு முயற்சி, சிறுநீரக மாற்றம் பற்றிய ஆய்வுகள் அனைத்திலும் தவறாது அளக்க வேண்டியவை எவை என்று நோயாளரையும் வைத்தியரையும் ஒருங்கே வைத்து முடிவுசெய்தது. உறுப்பின் நலம், மரணம், இதயநோய், தொற்றுநோய், புற்றுநோய் என்ற ஐந்தோடு ஆறாவதாக ஒன்று சேர்ந்தது: வாழ்க்கையிற் பங்குகொள்ளல். தொழிலுக்குப் போதல், வீட்டு வேலை, உறவினரோடு கூடுதல், பொழுதுபோக்கு ஆகியவற்றில் ஈடுபட முடிகிறதா என்பதே அதன் பொருள். ஐந்து வைத்தியரின் பட்டியலில் எப்போதும் இருந்தவை. ஆறாவது, நோயாளர் மேசைக்கு வந்ததனால் வந்தது.

நம்மவர் இல்லங்களில் மாற்றுறுப்புப் பெற்றவர் ஒருவர் இருப்பின், அச்சிட்ட வினாக்கொத்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு மாணவனின் கொப்பி ஒன்று போதும். ஒரு பக்கத்தை நெடுக்காக மூன்றாகப் பிரித்து, என்ன வந்தது, எத்தனை தரம், எவ்வளவு வருத்திற்று என்று எழுதுக. பின்னிரண்டுக்கும் 0 முதல் 4 வரை எண் இடுக. தவறிய வேளைகளையும் அதில் ஒளிக்காமற் குறிக்க. எழுதுபவர் நோயாளராகவே இருத்தல் நன்று. எழுத இயலாதவருக்குப் பிறர் எழுதினாலும் சொல் அவருடையதாக இருக்கட்டும். கொப்பியைப் பார்த்து மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ எவரும் தாமே துணியலாகாது. அது வைத்தியரிடம் கொண்டுபோவதற்கு. கை நடுங்குபவராயின், ஞாயிறுதோறும் ஒரே வாக்கியத்தை ஒரே பேனாவால் எழுதி, பக்கத்தில் ஒரு சுருளும் வரைந்து, திகதி இட்டு வைக்கலாம். மூன்று மாதத்துப் பக்கங்களை அடுத்தடுத்து விரித்தால், நடுக்கம் கூடுகிறதா குறைகிறதா என்பதை வைத்தியர் ஒரு நிமிடத்திற் கண்டுகொள்வார்.